பேர் வெட்டிய பாத்திரங்கள்

அம்பாசமுத்திரத்தில் பிரமசக்தியின் வீட்டுப் பரணில் இருந்த எவர்சில்வர் குடம், ஒரு புதன்கிழமை காலையில், அவள் வாசல் தெளித்துவிட்டுக் கோலப்பொடி எடுக்க உள்ளே திரும்பிய நேரத்தில், தானாக இறங்கி, நடையைக் கடந்து, ஈரத் தரையில் ஒரு வட்டம் பதித்துவிட்டு, தெருவில் உருண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கமாகப் போனது. யாரும் தள்ளவில்லை, காற்றும் அடிக்கவில்லை. சைக்கிளில் வந்த பேப்பர்காரர் ஓரமாக ஒதுங்கி அதற்கு வழிவிட்டார், தெருநாய் ஒன்று எழுந்து மோந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

"மதினி, ஒங்க கொடம் போவுது" என்றாள் எதிர்வீட்டுக் கஸ்தூரி, கையில் பால் பாக்கெட்டோடு.

"எங்க போவுது?" என்று கேட்டாள் பிரமசக்தி.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லிக்கிடலையே" என்றாள் கஸ்தூரி.

அது சும்மா குடம் இல்லை. அதன் கழுத்தில் 'சு. ஆவுடைச்செல்வி' என்று பேர் வெட்டியிருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை பெரியவளான வருஷத்திலிருந்து தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று பாத்திரம் சேர்ப்பார்கள், சேர்த்த கையோடு பஜாரில் சம்சு பாய் கடைக்குக் கொண்டுபோய்ப் பிள்ளையின் பேரை வெட்டி வாங்கிவிடுவார்கள். மாப்பிள்ளை யாரென்று தெரியாது, வீடு எந்த ஊரென்று தெரியாது, அடுப்பு எந்தத் திசையில் எரியப்போகிறதென்று அந்த முருகனுக்கே தெரியாது, ஆனால் பாத்திரத்தில் பேர் மட்டும் ஏறிவிடும். ஏறிவிட்டால் அது அவளுடையது. பெற்றவளே ஆனாலும் அதில் ஒரு வாய் தண்ணீர் மோந்து குடிக்கக்கூடாது, குடித்தால் கை கூசும்.

மற்ற தாய்மார்களைவிடப் பிரமசக்தி இதில் ஒரு படி மேலே போனவள். அவள் பிறந்த வீட்டில் அவள் நாலாவது பெண், சீர் என்று சொல்ல ஒரு கரண்டிகூட இல்லாமல் வந்தவள். வந்த வீட்டில் அண்டாவிலிருந்து ஆழாக்கு வரை எல்லாவற்றிலும் மாமியாரின் பேர். மாமியார் போய்ச் சேர்ந்து, மில்லுக்குப் போய்க்கொண்டிருந்த புருஷன் சுப்பையாவும் போய்ச் சேர்ந்து, தனியாக உட்கார்ந்து காபி குடிக்கிற இன்றைக்கும் அவள் கை பிடித்திருக்கிற டம்ளரில் மாமியாரின் பேர்தான். ஆயுசு முழுக்க அடுத்தவள் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தியாகிவிட்டது, நம் பிள்ளைக்கு அந்தக் கதி வேண்டாம் என்று வைராக்கியமாகச் சேர்த்தாள். குடம், அண்டா, போணி, தாம்பாளம், இட்லிக் கொப்பரை, தூக்குவாளி என்று பரண் நிறைந்து போனது.

பிள்ளையோ வேறு மாதிரி வளர்ந்தது. ஆவுடைச்செல்வி படித்தாள், சென்னைக்கு வேலைக்குப் போனாள், பெண் பார்க்க வந்தவர்களையெல்லாம் காபி கொடுத்து அனுப்பினாள், பிறகு ஒரு நாள் வாடகை வீட்டைக் காலி செய்து, கட்டிலை ஒருத்தருக்கு, பிரிட்ஜை ஒருத்தருக்கு, சேலைகளை வேலைக்கார அம்மாவுக்கு என்று கொடுத்துவிட்டு, முதுகில் ஒரு பை, பைக்குள் ஒரு லேப்டாப், மாற்றுடை, பல் தேய்க்கிற பிரஷ், அவ்வளவுதான், கிளம்பிவிட்டாள். வேலையெல்லாம் லேப்டாப்பிலேயே முடிந்துவிடும். ஒரு ஊரில் மழைக்காலம் வரை இருப்பாள், அடுத்த ஊரில் வெயில் வரை இருப்பாள், பிடித்தால் கொஞ்ச நாள் கூட, பிடிக்காவிட்டால் மறுநாளே பையை மாட்டிக்கொள்வாள். "இப்படி வீடுவாசல் இல்லாம சுத்துததுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு இருக்காமே மதினி" என்று கஸ்தூரி கேட்டதற்கு, "தமிழ்லயும் ஒரு பேரு இருக்கு, சொன்னா நல்லா இருக்காது" என்று பிரமசக்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குடம் கிளம்பியதற்கு முந்தின நாள்தான் ஆவுடைச்செல்வி போன் செய்திருந்தாள். "அம்மா, அந்தப் பாத்திரத்தையெல்லாம் யாருக்காவது குடுத்துரு. பரணை அடைச்சுக்கிட்டுக் கெடக்கு. எனக்குன்னு எந்த ஊர்லயும் எதுவும் இருக்க வேண்டாம்" என்றாள்.

"பேர் வெட்டுனதை யாருக்குட்டி குடுக்க? வேண்டாம்னா ஒங்கையால வாங்கி ஒங்கையால தூரப் போடு" என்று சொல்லிவிட்டுப் பிரமசக்தி போனை வைத்தாள். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் வீட்டில் சொல்கிற பேச்சைப் பாத்திரங்களும் கேட்டுக்கொண்டுதானே இருக்கின்றன.

குடம் பஸ் ஸ்டாண்டில் திருநெல்வேலி வண்டிக்குப் பக்கத்தில் போய் நிமிர்ந்து நின்றது. கண்டக்டர் அதைச் சுற்றி வந்து பார்த்தார், பேரைப் படித்தார், டிரைவரிடம் ஒரு வார்த்தை கேட்டார், பிறகு லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் குடத்துக்குள்ளேயே போட்டு, பின்பக்கம் ஏற்றிவிட்டார். தூத்துக்குடித் துறைமுகத்தில் அதைப் பார்த்தவர்கள் உண்டு. கப்பல் கயிற்றுக்குப் பக்கத்தில் தன் முறை வரும்வரை பொறுமையாக நின்றதாம்.

மாதம் திரும்பியதும் கருங்கடல் கரையில் பதூமி என்கிற ஊரிலிருந்து போன் வந்தது. "அம்மா, கதவத் தெறந்தா கொடம் நிக்கி."

"நெளிசல் ஏதும் இருக்கா பாரு."

"நெளிசல் இல்ல. அம்மா, இது எப்படி வந்துது?"

"பஸ்ல" என்றாள் பிரமசக்தி.

அதற்குப் பிறகு பாத்திரங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. அவசரமெல்லாம் இல்லை, கல்யாணத்துக்குக் கிளம்புகிற சனம் போல, ஒன்று போய்ச் சேர்ந்த தகவல் வந்தபின் அடுத்தது. அண்டா இறங்கியபோது மட்டும் தெருவே கூடிப் பரணுக்குக் கீழே வைக்கோலும் பழைய மெத்தையும் போட்டது. தாம்பாளம் வண்டிச் சக்கரம் போல நட்டக்குத்தலாக உருண்டு போனதைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூடவே ஓடின. முதலில் கொஞ்ச நாள் இதைப் பற்றி டீக்கடையில் பேச்சு இருந்தது. ஜோசியர் சனியைச் சொன்னார், வாத்தியார் காந்தத்தைச் சொன்னார், பிறகு மழை பெய்து நாற்று நடுகை வந்ததும் எல்லாரும் அவரவர் பாட்டைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

கஸ்தூரிக்குத்தான் முதலில் அந்த யோசனை தோன்றியது. அவள் மகன் ராட்டர்டாமில் இருக்கிறான், பருப்புப் பொடி அனுப்ப வேண்டுமென்றால் கூரியர்காரன் பொடியின் விலையைப்போல் எத்தனையோ மடங்கு கேட்கிறான். "வெறுமனதானே போவுது மதினி, இந்தப் பொட்டலத்தை உள்ள வச்சா என்ன?" என்று போணியைக் காட்டிக் கேட்டாள். பிரமசக்தியும், பாவம், தாய்தானே என்று சரி சொன்னாள். போணி வாயைத் துணியால் கட்டினார்கள். அது பொடியோடு போய், ஆவுடைச்செல்வி எங்கே இருந்தாளோ அங்கே சேர, அவள் பொட்டலத்தின் மேல் எழுதியிருந்த விலாசத்தைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ரயில் ஏறிப் போய் ராட்டர்டாமில் கொடுத்துவிட்டு வந்தாள். கொடுத்த இடத்தில் அந்தப் பையன் சோறு வடித்து, பொடி போட்டு, நல்லெண்ணெய் விட்டு, அவளையும் உட்கார வைத்துச் சாப்பிட்டானாம். பாதிச் சாப்பாட்டில் அழுதானாம்.

அவ்வளவுதான், ஊர் பிடித்துக்கொண்டது. மஸ்கட்டில் மருமகன், மெல்போர்னில் மகள், கனடாவில் கொழுந்தன் பிள்ளை என்று பிரமசக்தி வீட்டு வாசலில் காலையில் பொட்டலத்தோடு ஆள் நின்றது. நெய் வெயில் காலத்தில் எடுப்பதில்லை, கருவாடு எடுப்பதே இல்லை, முறுக்கு வைத்தால் மேலே வேறு எதுவும் வைக்கக்கூடாது என்று சட்டதிட்டம் வந்தது. பாத்திரம் போகிற நாளில் திருநெல்வேலி வண்டிக் கண்டக்டர் ஐந்து நிமிஷம் கூடுதலாக நிறுத்தினார், அதற்கு யாரும் முணுமுணுக்கவில்லை. சில தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளின் பாத்திரத்தையும் வாசலில் எடுத்து வைத்துப் பார்த்தார்கள், அதுகள் அசையவே இல்லை. அமெரிக்காவில் வீடு வாங்கி, அலமாரி நிறைய பீங்கான் அடுக்கி உட்கார்ந்துவிட்ட பிள்ளையிடம் எவர்சில்வர் எதற்குப் போகும்?

ஆவுடைச்செல்விக்குக் கோபமான கோபம். "நான் ஒத்தப் பையோட கெளம்புனவம்மா. இப்ப நான் ரோட்டுல நடந்தா பின்னால ஒரு கல்யாண வீடே நடந்து வருது. விட்டுட்டு ஓடுனா அடுத்த ஊருக்கு வந்து நிக்கி. எல்லையில ஆபீசர் கேக்கான், எத்தனை பேருன்னு" என்றாள். பிரமசக்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உள்ளூர அவளுக்குச் சந்தோஷம்தான். எந்தச் சீமையில் கிடந்தாலும் பிள்ளையைச் சுற்றி அவள் பேர் போட்ட பத்துப் பாத்திரம் நிற்கிறது, அனாதை மாதிரி இல்லை என்று நினைத்தாள்.

அந்தச் சந்தோஷம் இஸ்மீரிலிருந்து வந்த போனோடு போனது. துருக்கியில் அது ஒரு துறைமுக ஊர், செம்புப் பாத்திரம் தட்டுகிற கடைகள் வரிசையாக இருக்குமாம். ஆவுடைச்செல்வி குடத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே ஒரு கடைக்குப் போய், தன் பேரை அடித்துவிட்டு, தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாவின் பேரை வெட்டி அவளுக்கே கொடுத்திருக்கிறாள். அடுத்த ஊருக்குப் போய்விட்டாள். குடம் பின்னால் வரவில்லை.

"கண்டுபுடிச்சிட்டேம்மா. வேற பேரு வெட்டிட்டா அங்கனயே நின்னுருது" என்றாள், பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி.

"ஒம் பேரை என்ன செஞ்சான்?"

"மேல கோடு போட்டு அடிச்சிட்டான்."

பிரமசக்தி போனை வைத்துவிட்டு அடுக்களையில் போய் உட்கார்ந்து அழுதாள். எச்சில் கையோடு அழுதாள். அந்தக் குடம் வாங்கிய வருஷம் அவள் தனக்குத் தீபாவளிச் சேலை எடுக்கவில்லை.

அதன்பின், ஏற்கெனவே போனதும் புதிதாகப் போனதுமாகப் பாத்திரமெல்லாம் ஒவ்வோர் ஊரில் பேர் மாறின. இட்லிக் கொப்பரை ஒரு மலை ஊரில் ஆட்டுப்பால் காய்ச்சுகிறவளுக்குப் போனது. அண்டாவை மீன்பிடிக்கிற நாலு அண்ணன்தம்பிகள் வாங்கி, நாலு பேரின் பேரையும் வெட்டிக்கொண்டார்கள். தாம்பாளம் ஒரு பாதிரியார் வீட்டுச் சுவரில் தொங்குவதாகக் கேள்வி. வாங்கினவர்கள் எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் சந்தோஷமாக வாங்கினார்கள், எல்லாரும் அவளுக்கு ஒரு வேளை சோறு போட்டார்கள். ஆவுடைச்செல்வி ஒவ்வொன்றையும் போனில் சொல்லச் சொல்ல, பிரமசக்தி "ம்" கொட்டிக் கேட்டாள். பிறகு ஸ்டூல் போட்டு ஏறிப் பரணைப் பார்ப்பாள். அங்கே பாத்திரம் நின்ற இடமெல்லாம் தூசிக்கு நடுவில் சுத்தமான வட்டம் வட்டமாகத் தெரியும்.

கடைசியில் தூக்குவாளி ஒன்றுதான் மிச்சம். அது இறங்கிய காலையில் பிரமசக்தி ஓடிப்போய் அதன் கைப்பிடியைப் பிடித்து, பழைய சேலைக் கிழிசலால் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். தூக்குவாளி இழுத்தது. கட்டில் ஒரு சாண் நகர்ந்தது. அவள் கட்டிலின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

கஸ்தூரி வந்து வாசற்படியில் நின்றாள். கையில் நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில். "ராட்டர்டாம்ல மருமக உண்டாயிருக்கா மதினி. வாய்க்கு ஒண்ணும் பிடிக்கலையாம், நார்த்தங்கா கேக்கா. இந்த ஒரு தடவை விடுங்க."

"இது போனா இந்த வீட்ல எம்பிள்ள பேரு போட்டது என்ன இருக்கு கஸ்தூரி? ஒண்ணும் இல்லாத இடத்துக்கு எந்தப் பிள்ளை திரும்பி வரும்?"

"பொருள் இருந்தா மட்டும் வந்துட்டாளாக்கும்? பரண் நெறைய இருக்கையில வந்தாளா?" என்றாள் கஸ்தூரி. மனதில் பட்டதைக் கேட்டுவிடுவாள், அவளுக்கு அது ஒரு வியாதி.

பிரமசக்தி கட்டிலை விட்டு இறங்கவில்லை. தூக்குவாளி நாளெல்லாம் கட்டில் காலில் இடித்து இடித்து விளிம்பு நசுங்க ஆரம்பித்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் போன் வந்தது. "அம்மா, அதைக் கட்டி வச்சிருக்கியாமே, கஸ்தூரி அத்தை சொன்னா? விட்டுரும்மா. அதுவும் வந்துட்டா முடிஞ்சுது, அப்புறம் ஒனக்கும் தொந்தரவு இல்ல, எனக்கும் இல்ல" என்றாள் ஆவுடைச்செல்வி. நல்ல மனசோடுதான் சொன்னாள். முடிஞ்சுது என்கிற அந்த ஒரு வார்த்தைதான் பிரமசக்திக்கு நெஞ்சில் போய்த் தைத்தது.

மறுநாள் காலையில் அவளே முடிச்சை அவிழ்த்தாள், நார்த்தங்காய் பாட்டிலை உள்ளே வைத்து மூடினாள், பஸ் ஸ்டாண்டு வரை கூடவே நடந்துபோய் ஏற்றியும் விட்டாள். திரும்பி வந்து வீட்டைப் பெருக்கினாள். சோறு பொங்கவில்லை. வீடு கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி இருந்தது. உட்கார்ந்து பார்த்தாள், படுத்துப் பார்த்தாள், ஒன்றும் ஒட்டவில்லை. வெயில் தாழ்ந்ததும் முகம் கழுவி, தலை வாரி, பஜாருக்குப் போய்ச் சம்சு பாய் கடையில் ஏறினாள்.

"வாங்கம்மா. எந்தப் பாத்திரம்?" என்றார் பாய்.

பிரமசக்தி இடது கையை நீட்டி மேஜைமேல் வைத்தாள். மணிக்கட்டில் ஒரு தடித்த செம்பு வளையல் இருந்தது. மூட்டுவலிக்கு நல்லதென்று யாரோ சொல்லி எப்போதோ போட்டது, வேலை செய்து செய்து கை தடித்துப்போய் அது கழலாமலே நின்றுவிட்டது. "இதுல வெட்டுங்க பாய். ஆவுடைச்செல்வின்னு" என்றாள்.

பாய் மிஷினை எடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "இது கழலுமாம்மா?"

"கழலாது."

"அப்ப வளையல் மட்டும் போகாது."

"தெரிஞ்சுதான் வந்திருக்கேன்."

"போனா அந்தப் பிள்ளையோட பொருளாத்தான் போவிய. அங்கன ஒங்க வீடு இல்ல, ஒங்க அடுப்பு இல்ல. யோசிச்சியளா?"

"எந்த அடுப்பு பாய் எனக்கு இருந்துது? என் மாமியா அடுப்புலதான் இத்தனை வருசமும் பொங்கினேன். எம்பிள்ள தனக்கு ஒண்ணும் வேண்டாம்னு அவளாத் தூரப் போட்டுட்டுப் போயிட்டா. எனக்குப் போடுறதுக்கு ஒண்ணும் இருந்ததே இல்ல. நீங்க வெட்டுங்க" என்றாள்.

பாய் கைக்கும் வளையலுக்கும் நடுவில் ஒரு மடித்த துணியைச் சொருகி, ஊசியைப் பொறுமையாக ஓட்டினார். கடைசி எழுத்து முடிந்து மிஷினை நிறுத்தியதும் பிரமசக்தியின் இடது கை தானாக மேஜையிலிருந்து எழும்பி, வடமேற்காகத் திரும்பி, அவளை மெதுவாக எழுப்பி நிறுத்தியது. பிள்ளை கையைப் பிடித்துக் கூப்பிடுகிற மாதிரித்தான் இருந்தது, வலிக்கவில்லை. "கூலிய நாளைக்கு..." என்று ஆரம்பித்தவளிடம், "போயிட்டு வாங்க" என்று சொல்லிப் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டைப் பூட்டிச் சாவியைக் கஸ்தூரியிடம் கொடுக்க மட்டும்தான் நேரம் இருந்தது. "மதினி, மாத்துச்சேலை?" என்று கேட்டுக்கொண்டே கஸ்தூரி பின்னால் ஓடி வந்தாள். பிரமசக்தி நிற்கவில்லை, நிற்க முடியவும் இல்லை. திருநெல்வேலி வண்டியில் கொஞ்சம் விவாதம் நடந்தது. ஆளென்றால் டிக்கெட், பாத்திரமென்றால் லக்கேஜ், இதை எதில் சேர்ப்பது என்று கண்டக்டர் தலையைச் சொறிந்தார். "பேர் வெட்டியிருக்கு பாரும்" என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் சொன்னார். கண்டக்டர் வளையலைப் படித்துவிட்டு லக்கேஜ் கிழித்துக் கொடுத்து, உட்கார ஜன்னல் சீட்டும் கொடுத்தார். துறைமுகத்திலும் அதே வழக்கம்தான். அதற்கு முன் போன பாத்திரங்களுக்கு என்ன நடைமுறையோ அதையே இவளுக்கும் செய்து கப்பலில் ஏற்றினார்கள்.

அப்படியாக, தென்காசியைத் தாண்டி அறியாத பிரமசக்தி, கையில் பையில்லாமல், காலில் ஒரு ரப்பர் செருப்போடு, உலகத்தின் மேல் போனாள். கடல் முடிந்தால் ரயில், ரயில் முடிந்தால் லாரி, லாரி முடிந்தால் நடை, மறுபடி கடல், வளையல் எங்கே திரும்பியதோ அங்கே திரும்பி, யார் என்ன கொடுத்தார்களோ அதைச் சாப்பிட்டு, ஆற்றைக் கண்டால் குளித்து, சேலையின் ஒரு பாதியைக் காயவைத்துக்கொண்டே மறுபாதியைக் கட்டிக்கொண்டு, மொழி தெரியாத பெண்களுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்து, அவர்கள் பிள்ளைகளைத் தூளியில் ஆட்டித் தூங்க வைத்து, காலையில் கை எழும்பியதும் எழும்பிப் போனாள். ஒரு பெரிய ஊரில் பனி கொட்டியது, அதை நாக்கில் வைத்துப் பார்த்தாள். வழியில் ஒரு கடலோரத்து வீட்டில் தான் வாங்கிச் சேர்த்த அண்டாவை அவளே கண்டாள். நாலு பேரின் பேர் போட்டு, மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். ஆச்சரியம் என்னவென்றால், அவளுக்கு அது கஷ்டமாகவே இல்லை. பழகின காரியம் போலத்தான் இருந்தது.

வால்பராய்சோ என்கிற ஊர் சிலி தேசத்தில் கடலைப் பார்த்த மலைமேல் இருக்கிறது, எங்கே பார்த்தாலும் படிக்கட்டு. ஒரு காலை நேரம் வளையல் அவளை மூச்சு வாங்க ஏற்றிக்கொண்டுபோய் ஒரு நீலக் கதவுக்கு முன்னால் நிறுத்தி, தானே கதவில் தட்டியது. ஆவுடைச்செல்வி திறந்தாள். முதுகில் பை மாட்டி, செருப்புப் போட்டு, அடுத்த ஊருக்குக் கிளம்பி நின்றாள். அறைக்குள் கட்டிலும் ஜன்னலும் தவிர ஒன்றும் இல்லை. தூக்குவாளியும் இல்லை, அது ஏற்கெனவே கீழ்வீட்டுக் கிழவரின் பேருக்குப் போயிருந்தது, நார்த்தங்காய் ராட்டர்டாமுக்குப் பார்சலாகி இருந்தது.

"அம்மா" என்றாள். அப்புறம் படிக்கட்டை எட்டிப் பார்த்து, "பை எங்கம்மா?" என்றாள்.

"பை இல்ல."

"என்ன கொண்டு வந்த?"

"ஒண்ணும் கொண்டு வரல" என்று பிரமசக்தி இடது கையைக் காட்டினாள். ஆவுடைச்செல்வி வளையலைத் திருப்பித் தன் பேரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை விரலால் தடவிப் படித்தாள். அவளுக்குப் புரிந்தது. முகம் கோணிப்போய் அழுகை வந்தது, ஆனால் பையை இறக்கவில்லை, வாசலை விட்டு விலகவும் இல்லை.

பிரமசக்திக்கு அந்த நிமிஷம் பயம் வந்தது. கப்பலில் வராத பயம், பனியில் வராத பயம். இந்த ஊரிலும் பேர் வெட்டுகிற கடை ஒன்று இருக்கத்தானே செய்யும்.

"எல்லாத்தையும் நல்ல ஆளுகளாப் பாத்துத்தான் குடுத்திருக்க, வழியில பாத்தேன்" என்றாள். "என்னை மட்டும் பேரை அடிச்சு வேற யாருக்கும் குடுத்துராதட்டி. நான் கனம் இல்ல. வேணும்னா தூக்கிப் பாரு."

ஆவுடைச்செல்வி பையைக் கழற்றித் தரையில் போட்டாள். குனிந்து, இரண்டு கையாலும் அம்மாவை இடுப்போடு சேர்த்து அணைத்து, அந்தப் படியில் வைத்தே தூக்கினாள். தூக்கினவள் இறக்கவில்லை.